உள்சுவர்

டௌகாவ்பில்ஸ் நகரில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி,
கான்கிரீட் பலகைகளைச் சீட்டுக்கட்டாய் நிறுத்திய
சோவியத் காலத்துக் குடியிருப்பு.
ஐந்து மாடி, அறுபது வீடு.
அறுபதிலும் ஒரே சமையலறை, ஒரே ஜன்னல்,
ஒரே மூலையில் ஒரே விரிசல்.
ஆய்வுக்கு இதைவிட என்ன வேண்டும்?

குண்டேகா அக்டோபரில் வந்து
அலமாரிகளுக்குப் பின்னால்
தீப்பெட்டி அளவு உணர்விகளை ஒட்டிவிட்டுப் போனாள்.
பிப்ரவரியில், வெளியே மைனஸ் பத்தொன்பதில்,
கோடுகள் பேச ஆரம்பித்தன.

முப்பத்து நான்காம் எண் வீட்டில்
வெந்நீர்க் குழாயின் வால்வு பூஜ்யத்தில்.
குளிர்காலம் முழுக்கப் பூஜ்யம்.
அறையோ பதினேழு டிகிரி.
அந்த வீட்டுக்குப் பச்சை பூசினாள்.
கூட்டத்தில் யாரோ "முன்மாதிரிக் குடும்பம்" என்றார்கள்.

குடும்பம் இல்லை, ஓர் ஆள்.
ப்ரோனிஸ்லாவ்ஸ். எஞ்சின் பட்டறையின்
ஆட்குறைப்பில் வெளியே வந்த வெல்டர்.
அவள் வெப்பக் கேமராவோடு போனபோது
கோட்டைப் போட்டுக்கொண்டே
கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தான்.
எழுந்தான்.
திரையில், சுவர்மேல், அவன் முதுகு மட்டும்
எழாமல் உட்கார்ந்திருந்தது,
ஆரஞ்சாய்,
பிறகு பழுப்பாய்,
பிறகு சுவராய்.

"இது நல்ல சுவர்" என்றான்.
வேறெதுவும் சொல்லவில்லை.
தேநீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

அவளுடைய கணக்கில் மூன்றாவது வரி இது:
உள்சுவர்கள் வழியே வெப்பம் கடக்காது எனக் கொள்க.
எட்டு வருடமாய்க் கொண்டுவந்தாள்.
வெளியே போகும் வெப்பத்தைத்தான் துரத்தினாளே தவிர
பக்கத்து வீட்டுக்குப் போவதை
ஒருநாளும் நினைத்ததில்லை.

முப்பத்தைந்து சிவப்பு வீடு. ஊதாரி.
இருபத்து நான்கு டிகிரி,
ஹீட்டர்மேல் காயும் குட்டிக் காலுறைகள்.
அதன் கோட்டில் ஒரு புதிர் இருந்தது:
பின்னிரவு இரண்டு மணிவாக்கில்
வால்வு மூன்றிலிருந்து நான்குக்குத் தாவும்.
ஒரே மாதத்தில் பதினொரு இரவு.

"குழந்தைக்காகவா?"

"அதுவா? அது கல் மாதிரித் தூங்கும்" என்றாள் எல்வீரா.
"அந்தப் பக்கம் இருமுவான்.
கேட்டால் ஒரு திருகு திருகுவேன்.
ரைவிஸிடம் சொல்லிவிடாதே,
போன மாத பில்லுக்கே ஒரு தட்டு உடைந்தது."

சற்றுக் கழித்து, காலுறையைத் திருப்பிப் போட்டபடி:
"பாவம் பார்த்து ஒன்றுமில்லை.
படிக்கட்டெல்லாம் அவன் சிகரெட் துண்டுதான்.
இருமினால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது."

அவனுக்கு இது தெரியுமா?
குண்டேகா கேட்கவில்லை.
கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவதென்று
ஒருவன் யோசித்திருப்பான், அது நிச்சயம்.
தெரிந்துதான் இருமுகிறானா என்ற கேள்வியை
பஸ்ஸில் பாதி தூரம் வரை வைத்திருந்து
ஜன்னல் ஆவியில் விரலால் கோடிழுத்து விட்டுவிட்டாள்.

மறுநாள் மூன்றாவது வரியை அடித்தாள்.
நான்கு நிமிடத்தில் முடியும் கணக்கு
நாற்பது நிமிடம் மூச்சு வாங்கியது.
பச்சை கலைந்தது. சிவப்பும் கலைந்தது.
வெளிச்சுவருக்குக் கம்பளி போர்த்தினால்
எவ்வளவு மிச்சம் என்ற அழகான எண்
அவ்வளவு அழகாக இல்லை.

மீதமிருந்தது அட்டவணையில் ஒரு கட்டம்.
வால்வு திருகப்பட்ட காரணம்:
ஒன்று, குளிர். இரண்டு, குழந்தை.
மூன்று, துணி உலர்த்த.
இப்படியே போய், ஒன்பது: பிற.
பதினொரு தடவை ஒன்பதை அழுத்தினாள்.

அவள் மொழியில் எப்படியோ, தெரியாது.
என் மொழியில் அந்தச் சொல்லுக்கு
ஒரே ஓர் எழுத்துதான் குறைகிறது.
புள்ளி வைத்த ஒரு ர்.